தொட்டி முதலில், ஆமைக் குட்டி பிறகு

வண்ண மீன் கடைகளில் தீப்பெட்டி அளவில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமைக் குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை கேட்கும், வாஸ்துக்கு நல்லது என்று உறவினர் யாராவது சொல்வார், ‘இது இவ்வளவுதாங்க வளரும், ஒரு கிண்ணம் போதுங்க’ என்பார் கடைக்காரர். பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட கிண்ணத்தோடு வீட்டுக்கு வரும் குட்டிகளில் பல ஓராண்டைக் கூடத் தாண்டுவதில்லை. அழுக்குத் தண்ணீர், வெயில் படாத உடம்பு, உலர இடமில்லாத ஓடு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அவற்றைக் கொல்கின்றன. மூன்றையும் தடுப்பது தொட்டியின் வேலை. அந்தத் தொட்டியைக் குட்டி வருவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அமைக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்

1. எந்த ஆமை என்று பாருங்கள். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை. இந்த அத்தியாயம் அதற்கானது.

2. நம் ஊர் ஆமைகளைத் தொடாதீர்கள். நட்சத்திர ஆமையும், குளங்களில் வாழும் பாலாமையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டில் வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். நம் கொங்குப் பகுதியில் கீழ்பவானி வாய்க்காலிலோ பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலிலோ தண்ணீர் திறந்ததும் வயலுக்கு வரும் ஆமையைப் பிள்ளைகள் பிடித்து வந்தால், பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

3. அயல்நாட்டு விலங்குகளில் சிலவற்றை வைத்திருக்க, 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்டியல் மாறக்கூடியது. வாங்கும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் பில் வாங்குங்கள்.

4. கணக்குப் போடுங்கள். பெண் ஆமை 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 முதல் 40 ஆண்டுகள் வாழும். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குக் கல்யாணமாகும்போதும் ஆமை வீட்டில் இருக்கும்.

5. ஒன்று போதும். துணைக்கு இன்னொன்று தேவையில்லை. நெருக்கமான தொட்டியில் ஒன்றின் வாலையும் காலையும் மற்றொன்று கடித்துவிடும்.

குறிப்பு: வளர்க்க முடியாமல் கைமாற்றிவிட ஆள் தேடுபவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடையில் புதிதாக வாங்குவதைவிட அப்படி ஒன்றை ஏற்றுக்கொள்வது நல்லது.

தேவையான பொருட்கள்

- 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி
- உறுதியான இரும்பு ஸ்டாண்டு, தொட்டிக்கு அடியில் போட தெர்மோகோல் ஷீட்
- தண்ணீரின் அளவைப்போல் இரண்டு, மூன்று மடங்குக்கு உகந்த ஃபில்டர்
- வெயில் காயும் மேடைக்குக் கடப்பா கல் துண்டும் தாங்கு கற்களும்
- யு.வி.பி. பல்பு, சூடு தரும் ஹாலஜன் பல்பு
- உறையோடு கூடிய 75 அல்லது 100 வாட் ஹீட்டர்
- இரண்டு தெர்மாமீட்டர்கள்: ஒன்று தண்ணீருக்கு, ஒன்று மேடைக்கு
- அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட்
- ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து
- மேலே மூடக் கம்பி வலை

குட்டியின் விலையைவிட இந்தப் பட்டியலின் விலை பல மடங்கு. பணம் குறைவாக இருந்தால் ஃபில்டரிலும் யு.வி.பி. பல்பிலும் கைவைக்காதீர்கள். தொட்டியைப் பழையதாக வாங்கலாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தொட்டி அமைத்தல்

படி 1: இடம். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் வரும். மரப் பலகை அலமாரி தாங்காது. நேரடி வெயில் விழும் ஜன்னலோரம் கூடாது. மதிய வெயிலில் கண்ணாடித் தொட்டியின் தண்ணீர் வேகமாகச் சூடேறும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரிலும் வேண்டாம். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, ஈர உடம்போடு மேடையில் கிடக்கும் குட்டிக்குச் சளி பிடிக்க வைக்கும். சமையலறையிலும் வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

படி 2: தரை. தொட்டியின் அடியில் எதுவும் போடாமல் விடுவதே சிறந்தது. சுத்தம் செய்ய எளிது. அழகுக்காக வண்ணக் கூழாங்கல் போட்டால் குட்டி அதை விழுங்கும், குடலில் அடைத்துக்கொள்ளும். கல் வேண்டுமென்றால் ஆமையின் தலையைவிடப் பெரிய ஆற்றுக் கற்கள் மட்டும்.

படி 3: மேடை. ஆமை முழுவதுமாகத் தண்ணீரைவிட்டு ஏறி, ஓடும் வயிற்றுப் பக்கமும் காயும்படி ஓர் இடம் வேண்டும். பாதி நனைந்திருக்கும் மேடை மேடையல்ல. கடப்பா கல்லின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஒரு முனை சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கட்டும். தாங்கு கற்களைச் சிலிக்கான் பசை போட்டு ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, கழுவிய பிறகே தண்ணீர் விடுங்கள். புதுச் சிமெண்ட் கல் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும், வேண்டாம்.

*எச்சரிக்கை:* கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் குட்டி நுழைந்து சிக்கும் இடுக்கு இருக்கக் கூடாது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. தண்ணீருக்கடியில் மாட்டிக்கொண்டால் மூழ்கிச் செத்துவிடும்.

படி 4: தண்ணீர். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர் உண்டு.

- *நல்ல தண்ணி:* சிறுவாணி, பில்லூர் போன்ற குடிநீர்த் திட்டங்களில் வருவது. ஆமைக்கு மிக ஏற்றது. ஆனால் குளோரின் கலந்து வரும். வாய் அகன்ற பாத்திரத்தில் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். அவசரமென்றால் ஆன்டி-குளோரின் விடுங்கள்.
- *உப்புத் தண்ணி:* போர்வெல் தண்ணீர். கடினத்தன்மை அதிகம் என்றாலும் ஆமை தாங்கும். தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு சேர்ந்துகொண்டே போவதுதான் சிக்கல். குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்புவது மட்டும் போதாது; பழைய தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றவும் வேண்டும். முடிந்தால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலக்குங்கள்.
- *ஆர்.ஓ.:* தாதுச் சத்து மிகக் குறைவு. அதை மட்டும் வைத்துத் தொட்டி நடத்த வேண்டாம். ஆர்.ஓ. கழிவு நீர் கூடவே கூடாது.

ஆழம் எவ்வளவு? ஓட்டின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். தலைகுப்புறக் கவிழ்ந்தால் புரண்டு எழ அந்த ஆழம் தேவை. 4 செ.மீ. குட்டிக்கு 10 செ.மீ. ஆழத்தில் தொடங்கி, அது நன்றாக நீந்துவதைப் பார்த்துப் பார்த்து 20 செ.மீ. வரை கூட்டுங்கள். மேல் விளிம்புக்கும் மேடைக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கட்டும். ஆமை ஏறிக் குதித்துவிடும்.

படி 5: ஃபில்டர். ஆமையின் கழிவு மீனின் கழிவைவிட மிக அதிகம். அதனால்தான் தண்ணீரின் அளவைப்போல் இரண்டு, மூன்று மடங்குக்கு உகந்த ஃபில்டர் கேட்கிறோம். தண்ணீர் ஆழம் குறைவாக இருக்கும் முதல் மாதங்களில் ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். உள் ஃபில்டரையும் படுக்கவைத்துப் பொருத்தலாம். நீரோட்டம் குட்டியை அடித்துத் தள்ளக் கூடாது. பெரிதானதும் வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டருக்கு மாறுங்கள்.

படி 6: விளக்கு. இங்கே பலர் தவறுவார்கள். சூடும் யு.வி.பி. கதிரும் வேறு வேறு. ஹாலஜன் பல்பு மேடையை 32 முதல் 35 டிகிரி வரை சூடாக்கும். யு.வி.பி. பல்பு வைட்டமின் டி3 உண்டாக உதவும். அது இல்லாவிட்டால் தின்னும் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். மேடைக்கு மேலே 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் இரண்டையும் தொங்கவிட்டு, நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரியவிடுங்கள். இரவில் அணைத்துவிடுங்கள். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் யு.வி.பி. கதிர் கீழே வராது. அதனால்தான் மூடிக்குக் கம்பி வலை. யு.வி.பி. பல்பு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வலு குறைந்துவிடும். அட்டையில் போட்டிருக்கும் கால அளவைப் பார்த்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றுங்கள். மாட்டிய தேதியைப் பல்பிலேயே எழுதி வையுங்கள்.

குறிப்பு: நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் சில நாள் காலை எட்டு மணிக்குள் பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு கல்லும் வைத்து, பாதி டப்புக்கு நிழல் போட்டு, 20 நிமிடம் காட்டலாம். மேலே வலை போட்டுப் பக்கத்திலேயே இருங்கள். காக்காயும் பூனையும் காத்திருக்கும்.

படி 7: ஹீட்டர். குட்டிக்குத் தண்ணீர் 26 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் இங்கே ஹீட்டர் தேவைப்படும். முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கும்படி படுக்கவைத்துப் பொருத்துங்கள். உறை இல்லாவிட்டால் வளர்ந்த ஆமை முட்டி உடைத்துவிடும்.

*மின்சார எச்சரிக்கை:* தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஹீட்டரை அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே தண்ணீரைக் குறையுங்கள். வயர்கள் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டு இணைப்பில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஹாலஜன் பல்பைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள்; கிளிப்பை நம்பாதீர்கள்.

ஆமை இல்லாமல் ஒரு மாதம்

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. குட்டி வாங்கப் போகலாமா? கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

1. ஃபில்டரையும் ஹீட்டரையும் ஓடவிடுங்கள்.
2. தினமும் ஒரு சிட்டிகை ஆமைத் தீவனம் போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும்.
3. வாரம் இரண்டு முறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும்.
4. தீவனம் போட்டும் இரண்டும் சுழியத்தில் நின்றால் தொட்டி தயார்.
5. பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இனிக் குட்டியைக் கொண்டுவரலாம்.

நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் நாள் குறையும். கேட்டு வாங்குங்கள், ஈரம் காயாமல் எடுத்து வாருங்கள்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

- கண் இரண்டும் திறந்து தெளிவாக இருக்க வேண்டும்.
- கையில் எடுத்தால் கால்களை உதற வேண்டும்.
- மூக்கில் குமிழி, வாயில் சளி கூடாது.
- ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கும் குட்டி வேண்டாம்.
- ஓட்டில் வெள்ளைத் திட்டு, குழி, துர்நாற்றம் கூடாது.
- அதே தொட்டியில் ஒன்று சோர்ந்து கிடந்தாலும் மற்றவற்றையும் வாங்காதீர்கள்.

வழியில் தண்ணீர்ப் பையில் கொண்டுவராதீர்கள். காற்றுத் துளையுள்ள டப்பாவில் ஈரத் துணி விரித்துக் கொண்டுவந்தால் போதும். முதல் இரண்டு மூன்று நாள் பயந்து தின்னாமல் இருக்கலாம். எடுத்து விளையாடாதீர்கள்.

தீனி

1. குட்டிக்கு நாளுக்கு ஒரு வேளை, அதன் தலை அளவுக்குத் தீவனம். ஓராண்டு தாண்டினால் ஒன்றுவிட்டு ஒரு நாள்.
2. பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தனி டப்பில் தீனி போட்டுப் பழக்கினால் தொட்டி பாதி சுத்தமாக இருக்கும்.
3. காய்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். ஆசையாகத் தின்னும், சத்துக் குறைவு வரும், கண் வீங்கும்.
4. துருவிய கேரட், பரங்கிக்காய், செம்பருத்தி இலை, மல்பெரி இலை கொடுங்கள். குட்டியில் சீண்டாது, வளர வளர இலை, காய்தான் முக்கிய உணவாகும். உடுமலைப் பக்கம் பட்டு வளர்ப்பவர் யாராவது தெரிந்தவர் இருந்தால் மல்பெரிக்கு அலைய வேண்டாம். மருந்து அடித்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.
5. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை ஒரு துண்டு தண்ணீரில் மிதக்கவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொடியாக அல்ல, முழுத் துண்டாகக் கேளுங்கள்.

பொரி, சோறு, பிரெட், பிஸ்கட், உப்புக் கருவாடு எதுவும் வேண்டாம். தங்கமீனையும் இரையாகப் போடாதீர்கள். அடிக்கடி தின்றால் வைட்டமின் பி1 குறைவு வரும்.

தினம், வாரம், மாதம்

*தினமும்:* தண்ணீரின் சூடு பாருங்கள். ஆமை மேடைக்கு ஏறிக் காய்கிறதா என்று கவனியுங்கள். மிச்சத் தீனியை எடுங்கள்.

*வாரம் ஒருமுறை:* மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்காதீர்கள்.

*மாதம் ஒருமுறை:* ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா போய்விடும்.

வெளியேற்றும் தண்ணீரைத் தென்னைக்கோ செம்பருத்திக்கோ ஊற்றலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினாவுக்கு ஊற்ற வேண்டாம்.

பருவம் பார்த்து மாற்ற வேண்டியவை

- *மார்ச் முதல் மே வரை:* ஹீட்டரைக் கழற்றிவிடுங்கள். மதியம் ஹாலஜனை அணைத்து யு.வி.பி. மட்டும் எரியவிடுங்கள். தண்ணீர் 30 டிகிரி தாண்டினால் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு ஒரு மூலையில் மிதக்கவிடுங்கள். பனிக்கட்டியை நேராகக் கொட்டாதீர்கள்.
- *ஜூன் முதல் ஆகஸ்ட் வரை:* காற்றடிக்கும் பக்க ஜன்னலைச் சாத்துங்கள்.
- *நவம்பர் முதல் பிப்ரவரி வரை:* இரவில் ஹீட்டர் ஓடுகிறதா என்று படுக்கும் முன் பாருங்கள்.
- *மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை:* பகல் முழுக்க மின்சாரம் இல்லாத நாளுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். ஸ்பாஞ்சில் காற்றோட்டம் நின்றால் பாக்டீரியா சாகத் தொடங்கும். அன்று தீனி போடாதீர்கள்.

மருத்துவரிடம் எப்போது?

- சாய்ந்து மிதப்பது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூக்கில் குமிழி: நுரையீரல் தொற்று. அன்றே காட்டுங்கள்.
- கண் வீங்கி மூடிக்கொள்வது: வைட்டமின் ஏ குறைவு அல்லது மோசமான தண்ணீர்.
- ஓடு மெத்தென்று அமுங்குவது: சுண்ணாம்பு, யு.வி.பி. குறைவு.
- ஓட்டில் குழி, நாற்றம்: ஓடு அழுகல்.

ஓட்டின் மேல் தேய்த்தால் போகும் வெள்ளைப் பூச்சு உப்புத் தண்ணீர்ப் படிவாக இருக்கலாம். வளரும்போது மெல்லிய தோலாக ஓட்டின் மேல் அடுக்கு உரிவதும் இயல்பு, பிய்க்காதீர்கள். மஞ்சள், வேப்பெண்ணெய் என்று கைமருந்து பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை; முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். கொங்குப் பகுதியில் நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

வீட்டாரின் பாதுகாப்பு

நல்ல ஆரோக்கியமான ஆமையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு இந்த நோய் பரவியதால்தான் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைக் குட்டிகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டது.

1. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
2. தொட்டிப் பொருட்களைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள். வாளி, மக், பிரஷ் தனியாக இருக்கட்டும்.
3. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்பு குறைந்த முதியவர் இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம்.
4. முத்தம் கொடுக்கவோ சாப்பாட்டு மேசையில் விடவோ கூடாது.

வளர்க்க முடியாமல் போனால்

ஆமை பெரிதாகிவிட்டது, வீடு மாறுகிறோம் என்று உக்கடம் பெரியகுளத்திலோ நொய்யலிலோ கோயில் தெப்பக்குளத்திலோ விட்டுவிடுவது புண்ணியமல்ல. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் ஒன்று. உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பறித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. பக்கத்துக் கேரளத்தில் திருச்சூர் மாவட்ட நீர்நிலைகளில் இது தென்பட்ட பிறகு, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைத் தண்ணீரில் விடாமல் ஒப்படைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. சிங்காநல்லூர்க் குளத்தை 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக்கிய ஊர் நம் கோவை. அந்தக் குளத்துக்கு நாமே கேடு செய்யக் கூடாது.

வேறு வளர்ப்பாளர் ஒருவரைத் தேடித் தொட்டியோடு கொடுங்கள். கிடைக்காவிட்டால் வனத்துறையிடமும் கால்நடை மருத்துவரிடமும் வழி கேளுங்கள். தொட்டியை அமைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுவது உங்களுக்குப் பாரமாகத் தோன்றினால், ஆமை வாங்காதீர்கள். அதே தொட்டியில் நாலு கப்பி மீன் விடுங்கள். அதற்கு இந்தத் தொட்டி தாராளம்.